இடி யார் தலையில் விழும்?

வானம் ஒரு தடவை கனைத்தால் போதும், நம் வீட்டுப் பாட்டிமார் எந்த மூலையில் இருந்தாலும், "அர்ஜுனா! அர்ஜுனா!" என்று ஆரம்பித்து விடுவார்கள். அர்ஜுனன் யார்? இந்திரனுடைய பிள்ளை. இடி எது? இந்திரனுடைய வஜ்ராயுதம். தன் பிள்ளையின் பெயரைச் சொல்லுகிறவர்கள் தலையில் தகப்பனார் ஆயுதத்தைப் போடுவாரா? ரொம்ப நியாயமான யோசனைதான்!

ஆனால் பாட்டி அர்ஜுனனைக் கூப்பிடுவதோடு நிறுத்திக் கொள்ளவில்லை, ஞாபகம் இருக்கிறதா? வாசலில் ஆடிக் கொண்டிருந்த குழந்தைகளைக் கையைப் பிடித்து உள்ளே இழுத்தாள். கதவைச் சாத்தினாள். "கிணற்றடிக்குப் போகாதே, ஜன்னல் கம்பியைப் பிடிக்காதே" என்று அதட்டினாள். நாம் பிழைத்தது அர்ஜுனன் தயவிலா, பாட்டி கதவைச் சாத்திய தயவிலா என்று இப்போது வழக்காட வேண்டாம். சாத்துவதற்குக் கதவு என்று ஒன்று இருந்ததே, அதுதான் விஷயம். கதவே இல்லாத வெட்டவெளியில் நிற்கிறவர்கள் கதி என்ன?

"உன் தலையில் இடி விழ!" என்று சபிப்பவர்கள் இன்னும் உண்டு. பாவம் செய்தவன் தலையைத் தேடிக் கொண்டு இடி வருகிறது என்பது பழைய நம்பிக்கை. உண்மையில் அது யார் தலையைத் தேடுகிறது? வாருங்கள், பார்க்கலாம்.

விழிதியூரில் ஒரு பிற்பகல்

காரைக்கால் பகுதியில் விழிதியூர் என்று ஒரு கிராமம். காவிரி நீர் கடைசியாக எட்டிப் பார்க்கும் கடைமடைப் பிரதேசம். கிழக்கே சிறிது தூரத்தில் கடல். ஐப்பசி மாதத்துப் பிற்பகல், மணி மூன்று என்று வைத்துக் கொள்ளுங்கள். காலையெல்லாம் வெயில் சுள்ளென்று அடித்தது. இப்போது ஒரு பக்கம் வானம் கருத்துக் கொண்டு வருகிறது. தொலைவில் மெள்ள ஒரு முழக்கம்.

இந்த நேரத்தில் அந்தக் கிராமத்தில் யார் யார் எங்கே இருப்பார்கள்? கற்பனை செய்து பார்ப்போம்.

ஒரு வீட்டு மொட்டை மாடியில் இல்லத்தரசி ஒருத்தி கொடியில் காயும் துணிகளை அவசர அவசரமாக எடுக்கிறாள். பக்கத்து வீட்டுத் திண்ணையில் ஒரு பெரியவர் சாவதானமாக வெற்றிலை போடுகிறார். சென்னையிலிருந்து வந்த மாப்பிள்ளை, நாலு கண்ணாடியையும் ஏற்றி விட்டுக் காரில் வருகிறார். தரிசு நிலத்தில் பையன்கள் பந்து விளையாடுகிறார்கள். வாத்து மேய்க்கிறவர் தூறலுக்குப் பயந்து ஒற்றைப் புளிய மரத்தடியில் ஒதுங்கியிருக்கிறார். ஊரைத் தாண்டி, நடுவயலில், பத்துப் பன்னிரண்டு பெண்கள் முழங்கால் சேற்றில் வரிசையாகக் குனிந்து நாற்று நட்டுக் கொண்டிருக்கிறார்கள்.

இவர்களில் யாருக்கு அபாயம் அதிகம்? மேலே படிப்பதற்கு முன் நீங்களே ஒரு நிமிஷம் யோசித்துப் பதில் சொல்லுங்கள். பெரும்பாலோர் மொட்டை மாடியைச் சொல்வீர்கள். சிலர் புளிய மரத்தைச் சொல்வீர்கள். நடவுப் பெண்களைப் பற்றி, "அவர்கள்தான் குனிந்திருக்கிறார்களே! உயரமே இல்லையே!" என்று தோன்றும்.

அங்கேதான் நாம் ஏமாந்து போகிறோம்.

மின்னல் வரும் வழிகள்

மின்னல் என்பது என்ன? கருமேகத்துக்குள் ஐஸ் துணுக்குகளும் சிறு ஆலங்கட்டிகளும் ஓயாமல் மோதிக் கொள்கின்றன. அதனால் மேகத்தின் மேற்பகுதியில் ஒருவகை மின்சாரமும் அடிப்பகுதியில் அதற்கு எதிரான வகையும் சேருகின்றன. சேர்ந்தது தாங்க முடியாமல் போனதும் பூமியை நோக்கிப் பாய்கிறது. மேகத்தில் இருப்பதும் மின்சாரம்தான் என்பதைக் காட்டவே அமெரிக்காவில் பெஞ்சமின் பிராங்க்ளின் 1752-ம் ஆண்டில் காற்றாடி விட்டுப் பார்த்தார். உங்கள் வீட்டு இஸ்திரிப் பெட்டி நாலைந்து ஆம்பியர் மின்சாரம் எடுக்கிறது. சாதாரணமான ஒரு மின்னலில் பாய்வது சுமார் 30,000 ஆம்பியர்! அது போகும் பாதையில் காற்று சூரியனின் மேற்பரப்பைப் போல் ஐந்து மடங்கு சூடாகி, படீரென்று விரிகிறது. அந்தச் சத்தம்தான் இடி.

இத்தனை பலம் படைத்த மின்னல் நேராகத் தலைமேல் விழுந்துதான் ஆளைக் கொல்கிறது என்று நினைக்கிறோம். அப்படி இல்லை. இதை ஆராய்ந்த மருத்துவ நிபுணர்களின் கணக்குப்படி, நேரடியாகத் தாக்கப்படுகிறவர்கள் நூற்றுக்கு மூன்று முதல் ஐந்து பேர்தான். சுமார் மூன்றில் ஒரு பங்கினர், மரத்தையோ கம்பத்தையோ தாக்கிய மின்னல் அங்கிருந்து பக்கத்தில் தாவியதால் பாதிக்கப்படுகிறவர்கள். வாத்து மேய்ப்பவரின் புளிய மரம் நினைவுக்கு வருகிறதல்லவா? மரத்தடி குடை அல்ல, பொறி!

மீதியில் பெரும்பகுதி, ஏறக்குறையப் பாதிப் பேர், எதனால் பாதிக்கப்படுகிறார்கள் தெரியுமா? எங்கேயோ விழுந்த மின்னல் தரை வழியாகப் பரவுவதால். குளத்தில் கல்லைப் போட்டால் அலை சுற்றிலும் விரிகிறதே, அதைப் போல. ஒரு காலுக்கும் மற்றொரு காலுக்கும் இடையிலுள்ள சிறு தூரம் போதும். ஒரு கால் வழியாக ஏறி மற்றொரு கால் வழியாக இறங்கி விடும். நாலு கால் பிராணிகளுக்கு முன்னங்காலுக்கும் பின்னங்காலுக்கும் இடைவெளி அதிகம். நடுவில் இருப்பது இருதயம். அதனால்தான் மாடுகளும் ஆடுகளும் கூட்டமாக மடிகின்றன. நார்வே நாட்டில் 2016-ம் ஆண்டு ஆகஸ்டு மாதம் ஒரு மலைச் சமவெளியில் ஒரே இடியில் 323 கலைமான்கள் மாண்டன. அத்தனை தலைகளிலும் தனித்தனியாகவா மின்னல் விழுந்திருக்கும்? நெருக்கியடித்து நின்ற மந்தையின் கால்கள் வழியே தரை மின்சாரம் பாய்ந்துவிட்டது.

இப்போது நம் நடவு வயலுக்குத் திரும்புவோம். காலும் சேற்றில், கையும் சேற்றில். பக்கத்தில் பக்கத்தில் ஆட்கள். சுற்றிலும் தண்ணீர். குனிந்திருப்பதால் தப்பித்தார்கள் என்று சொல்ல முடியுமா?

வேலைதான் விதி

இது வெறும் கற்பனைக் கதை என்று தள்ளி விடாதீர்கள். 2025-ம் ஆண்டு அக்டோபர் 16-ம் தேதி. வடகிழக்குப் பருவமழை ஆரம்பித்த நேரம். விழிதியூருக்கு வடமேற்கே, கடலூர் மாவட்டத்தில் வேப்பூரை அடுத்த கழுதூரில், மக்காச்சோள வயலில் பெண்கள் கூலி வேலை செய்து கொண்டிருந்தார்கள். இடி விழுந்தது. நான்கு பெண்கள் மாண்டு போனார்கள். காலையில் வீட்டில் சோறு வடித்து வைத்து விட்டு, அன்றைய கூலிக்காகக் கிளம்பியவர்கள்! அவர்கள் யாருக்கு என்ன பாவம் செய்தார்கள்?

2020-ம் ஆண்டு ஜூன் 25-ம் தேதி பீகாரில் ஒரே நாளில் 83 பேர் மின்னலுக்குப் பலியானார்கள் என்ற செய்தி நாட்டையே உலுக்கியது. அவர்களில் பலர், பருவமழை வந்து விட்டதே என்று வயலில் இறங்கியவர்கள். தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் கணக்குப்படி 2022-ம் ஆண்டில் இந்தியா முழுவதும் மின்னலால் இறந்தவர்கள் 2,887 பேர். நாளொன்றுக்கு எட்டுப் பேர்! புயலைப் போலப் பெயர் வைத்துக் கொண்டு வருவதில்லை. ஒவ்வொரு ஊரிலும் ஒன்றிரண்டு பேராகக் கொண்டு போவதால் பத்திரிகையில் நாலு வரியோடு முடிந்து விடுகிறது.

மாண்டவர்களில் ஆண்களே அதிகம். வெளியில் வேலை செய்கிறவர்களில் அவர்கள் அதிகம் என்பதே காரணம். கிராமத்தார் அதிகம், விவசாயிகளும் விவசாயக் கூலிகளும் மிக அதிகம். நடவு, களையெடுப்பு போன்ற வேலைகளைப் பெண்கள் கூட்டமாகச் செய்யும் இடங்களில், ஒரே நொடியில் பல குடும்பங்கள் தாயை இழந்து விடுகின்றன.

"அதிர்ஷ்டம் கெட்டவர்கள்" என்று சொல்வீர்களோ? அமெரிக்காவில் ராய் சல்லிவன் என்று ஒருவர் இருந்தார். 1942-ம் ஆண்டுக்கும் 1977-ம் ஆண்டுக்கும் இடையில் அவரை ஏழு தடவை மின்னல் தாக்கியது. ஏழு தடவையும் பிழைத்துக் கொண்டார்! நம் ஊராக இருந்தால் ஜாதகத்தை எடுத்துக் கொண்டு ஏழு ஜோசியரிடம் ஓடியிருப்போம். ஆனால் அவர் என்ன உத்தியோகம் பார்த்தார் தெரியுமா? மலைக்காட்டுப் பூங்காவில் காவலர். மழையோ இடியோ, வெளியில் சுற்றுவதுதான் வேலை. ஜாதகத்தைவிட உத்தியோகத்தைப் பார்த்தால் சங்கதி பாதி புரிந்துவிடும்.

அதே அமெரிக்காவில் 1940-களில் வருஷத்துக்கு முந்நூறுக்கு மேற்பட்டவர்கள் மின்னலால் இறந்தார்கள். இன்று ஜனத்தொகை இரண்டு மடங்குக்கும் மேல் பெருகியிருக்கிறது. சாவோ, ஆண்டுக்கு இருபது, முப்பது என்ற அளவுக்குக் குறைந்துவிட்டது. மின்னல் சாதுவாகி விட்டதா? இல்லை. வயலில் வேலை செய்தவர்கள் குறைந்து போனார்கள், மிஞ்சியவர்கள் மூடிய கூண்டுள்ள டிராக்டரில் ஏறிக் கொண்டார்கள், உறுதியான வீடுகள் வந்தன, வைத்தியமும் முன்னேறியது. இப்போது அங்கே இறப்பவர்களில் மூன்றில் இரண்டு பங்கினர் பொழுதுபோக்குக்காக வெளியே போனவர்கள். அதிலும் தூண்டில் போட்டு மீன் பிடிக்கப் போனவர்களுக்கே முதலிடம்!

மின்னல் மாறவில்லை, வேலை மாறிற்று. அங்கே பொழுதுபோக்கு கொல்கிறது. இங்கே பிழைப்பு கொல்கிறது. பந்து விளையாடும் பையன் நினைத்தால் வீட்டுக்கு ஓடலாம். காரைக்கால் கடலில் படகிலிருக்கும் மீனவர் நினைத்தாலும் உடனே கரைக்கு வர முடியாது. கண்ணுக்கெட்டிய தூரம் அவரே உயரமான பொருள். நடவுப் பெண் ஓடி வரலாம். ஆனால் ஓடி வந்தால் அரை நாள் கூலி போய் விடுமே!

யாருக்கு அபாயம் அதிகம் என்ற கேள்விக்கு இதுதான் பதில்: வருஷத்தில் அதிக நேரம் வெட்டவெளியில் இருக்கிறவர், ஒதுங்க உறுதியான இடம் பக்கத்தில் இல்லாதவர், வேலையை நிறுத்தும் உரிமை தன் கையில் இல்லாதவர். இந்த மூன்றும் ஒருவரிடமே சேர்ந்தால், இடி அவரைத் தேட வேண்டியதே இல்லை.

மற்றவர்கள் பாடு என்ன?

மற்றவர்களை அந்தரத்தில் விட்டு விடக் கூடாது அல்லவா? காரில் வந்த மாப்பிள்ளைதான் எல்லாரிலும் பத்திரம். இரும்புக் கூரையுள்ள வண்டி, கண்ணாடியும் மூடியிருக்கிறது. மின்னல் தாக்கினாலும் வெளித் தகட்டோடு வழிந்து தரைக்குப் போய் விடும். ரப்பர் டயரால் அல்ல, இரும்புக் கூட்டினால்தான் பாதுகாப்பு. ஆகவே ஸ்கூட்டருக்கும் சைக்கிளுக்கும் அந்தச் சலுகை கிடையாது. ரப்பர்ச் செருப்புக்கும் கிடையாது.

மாடியிலுள்ள அம்மாள் கீழே இறங்கி வந்தால் பிழைத்தாள். துணி நனைந்தால் மறுபடி காய வைக்கலாம். திண்ணைப் பெரியவரும் எழுந்து உள்ளே வர வேண்டியதுதான். திண்ணை வீட்டோடு சேர்ந்தது ஆனாலும் இடிக்கு அது வெளியே! கீற்றுக் கொட்டகையும் பஸ் நிழற்குடையும் மழையைத் தடுக்கும், மின்னலைத் தடுக்காது. மின் கம்பியும் தண்ணீர்க் குழாயும் ஓடுகிற உறுதியான வீடு நல்லது. ஏனென்றால் வீட்டைத் தாக்கும் மின்னலை அந்தக் கம்பியும் குழாயுமே பெரும்பாலும் தரைக்கு இழுத்துச் சென்று விடும். ஆகவே அந்த நேரத்தில் குளிப்பதும், குழாயடியில் பாத்திரம் தேய்ப்பதும், செருகியிருக்கும் மின்சாரச் சாமான்களைத் தொடுவதும் கூடாது. கைப்பேசி பையில் இருப்பதால் மின்னல் வராது. ஆனால் சார்ஜில் மாட்டிக் கொண்டே பேசாதீர்கள்.

"கழுத்தில் தாலிச் சங்கிலி இருக்கிறதே, அது மின்னலை இழுக்காதா?" என்று ஒரு சகோதரி கேட்கலாம். இழுக்காது. உயரமும் தனிமையும் கூரிய முனையும்தான் மின்னலுக்கு வழி காட்டுகின்றன. கழுத்திலுள்ள நாலு பவுனை அது பார்ப்பதில்லை. தாக்கிய பிறகு நகை சூடேறித் தோலைச் சுடலாம், அவ்வளவுதான். நகையைக் கழற்றிக் கொண்டு நிற்கும் நேரத்தில் உள்ளே வந்து விடுங்கள்.

எப்போது உள்ளே வருவது? மின்னலைக் கண்டதும் எண்ண ஆரம்பியுங்கள். இடிச் சத்தம் ஒரு கிலோமீட்டர் வர சுமார் மூன்று விநாடி ஆகும். முப்பது எண்ணுவதற்குள் இடி கேட்டால் மின்னல் பத்துக் கிலோமீட்டருக்குள் இருக்கிறது. அடுத்தது உங்கள் தெருவில் விழலாம். எண்ணத் தோன்றாவிட்டாலும் பாதகமில்லை. இடி காதில் விழுந்தாலே உள்ளே வந்து விடுங்கள். மழைக்காகக் காத்திருக்க வேண்டாம். கடைசி இடிக்குப் பிறகு அரைமணி நேரம் கழித்தே வெளியே போக வேண்டும். "மழைதான் விட்டு விட்டதே!" என்று அவசரப்பட்டுக் கிளம்புகிறவர்களும் பலியாகியிருக்கிறார்கள்.

ஒதுங்க இடமே இல்லாமல் வயலில் அகப்பட்டுக் கொண்டால்? தண்ணீரை விட்டு ஏறுங்கள். தனி மரத்தை நாடாதீர்கள். தரையில் படுக்காதீர்கள். ஒருவரையொருவர் கட்டிக் கொண்டு நிற்காமல், விலகி விலகி ஊரை நோக்கி நடங்கள். ஒருவரைத் தாக்கினாலும் மற்றவர் உதவிக்கு மிஞ்ச வேண்டும் அல்லவா?

தொட்டால் ஷாக் அடிக்குமா?

இதைக் கட்டாயம் ஞாபகம் வைத்துக் கொள்ளுங்கள். மின்னல் தாக்கியவரைத் தொட்டால் நமக்கும் ஷாக் அடிக்கும் என்று பயந்து நிற்கிறார்கள். அடிக்காது. அவர் உடம்பில் மின்சாரம் தங்குவதில்லை. சில மாநிலங்களில், தாக்கப்பட்டவரைச் சாணத்தில் கழுத்துவரை புதைத்து வைத்தால் மின்சாரம் இறங்கி விடும் என்ற வழக்கம் இருக்கிறது. உயிரைக் காக்கும் சில நிமிஷங்களைச் சாணத்தில் போட்டுப் புதைப்பதுதான் அது!

மின்னல் தாக்கியவர்களில் பெரும்பாலோர் சாவதில்லை. செவிப்பறை கிழியலாம், மறதியும் தலைவலியும் நெடுநாள் தொடரலாம், தோலில் பெரணி இலை போன்ற சிவந்த கோலம் தோன்றி ஓரிரு நாளில் மறையலாம். சாவு நேர்வது இருதயமும் சுவாசமும் நின்று போவதால்தான். இருதயம் சில சமயம் தானே மறுபடி துடிக்கத் தொடங்கும். ஆனால் மூச்சு திரும்பாவிட்டால் அதுவும் அடங்கி விடும். ஆகவே உடனே 108-க்குச் சொல்லி விட்டு, நெஞ்சின் நடுவில் இரு கைகளையும் வைத்து நிமிஷத்துக்கு நூறு முதல் நூற்றிருபது தடவை பலமாக அழுத்த வேண்டும். தெரிந்தவர் இருந்தால் வாயோடு வாய் வைத்து மூச்சும் கொடுக்க வேண்டும். பல பேர் விழுந்து கிடந்தால், முனகுகிறவரைவிட, பேச்சு மூச்சில்லாமல் கிடப்பவரையே முதலில் கவனிக்க வேண்டும். முனகுகிறவர் பெரும்பாலும் பிழைத்து விடுவார். பிணம் என்று நாம் கைவிடுகிறவருக்குத்தான் நம் கை தேவை.

கரையேறச் சொல்லுங்கள்!

இன்று மின்னலை முன்கூட்டி அறிய வசதி இருக்கிறது. காரைக்காலிலேயே வானிலைத் துறையின் ராடார் சுழன்று மேகத்தைப் பார்க்கிறது. புணேயிலுள்ள வெப்பமண்டல வானிலை ஆராய்ச்சி நிறுவனம், 'தாமினி' என்ற கைப்பேசிச் செயலியில் சுற்று வட்டாரத்தில் விழும் மின்னலைக் காட்டி எச்சரிக்கிறது. வங்கதேசம் 2016-ம் ஆண்டில் மின்னலையும் இயற்கைப் பேரிடர்களில் சேர்த்து, இடியைத் தாங்கட்டும் என்று பனங்கன்றுகள் நட்டது. பனை நெடிதாக வளர எத்தனை வருஷம் ஆகும் என்று நமக்குச் சொல்ல வேண்டுமா? வளர்ந்த பின்பும் அதன் அடியில் நிற்கக் கூடாது!

எச்சரிக்கை வந்து விட்டது. கைப்பேசி வரப்பில் சாப்பாட்டுத் தூக்கோடு கிடக்கிறது. எடுத்துப் பார்த்து, "எல்லாரும் கரையேறுங்கள்!" என்று சொல்ல வேண்டியவர் யார்? கூலிக்கு வந்த பெண் சொல்ல முடியாது. வயலுக்குச் சொந்தக்காரர்தான் சொல்ல வேண்டும்.

இந்தக் கட்டுரையைப் பட்டணத்து வீட்டில் மின்விசிறிக்கு அடியில் அமர்ந்து படிக்கிறவர்களில் பலருக்கு, தஞ்சாவூர்ச் சீமையிலோ காரைக்கால் பக்கத்திலோ ஒரு வேலி, அரை வேலியாவது இருக்கும். குத்தகைக்காரரோ காரியஸ்தரோ பார்த்துக் கொள்வார். அறுவடைக்கு அறுவடை நெல்லோ பணமோ வரும். நிலமில்லாதவர்களுக்கும் ஊரில் அண்ணாவோ மாமாவோ பயிர் செய்கிறவர்களாக இருப்பார்கள். அவர்களிடம் விளைச்சலை விசாரிக்கும்போது இந்த ஒரு வார்த்தையையும் சேர்த்துச் சொல்லுங்கள்: "இடிச் சத்தம் கேட்டவுடன் ஆட்களைக் கரையேற்றி ஊருக்குள் அனுப்பி விடுங்கள். அன்றைக்கு நடவு பாதியில் நின்றாலும் முழுக் கூலியும் கொடுத்து விடுங்கள்."

அரை நாள் கூலி நமக்கு ஒரு சினிமாச் செலவு. அதற்குப் பயந்து அவள் வயலிலேயே நிற்கிறாள்.

அடுத்த தடவை வானம் இடிக்கும்போது நீங்களும் "அர்ஜுனா! அர்ஜுனா!" என்று தாராளமாகச் சொல்லுங்கள். குழந்தைகளை உள்ளே அழைத்துக் கதவைச் சாத்துங்கள். சாத்திய கையோடு ஊருக்கும் ஒரு போன் போட்டு, "நடவு ஆட்கள் கரையேறி விட்டார்களா?" என்று கேட்டு விடுங்கள்.